அத்தான் மலையில் வாங்கிய இடம்

என் அக்கா சத்தியபாயின் கணவர் ரசலையன் அத்தான் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நிலம் வாங்கினார். செத்த பிறகு தன்னைச் சொந்த மண்ணில் வைக்க வேண்டும் என்பதற்காக வாங்கினார். எங்களிடம் அவர் இதை மறைத்ததே இல்லை. நிலம் விற்றவர்களிடம் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய காரியம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

மார்த்தாண்டத்துக்கு வடக்கே எங்கள் மலையோர ஊர்களில் அப்படித்தான். வீட்டைச் சுற்றியுள்ள விளையிலேயே, தோட்டத்திலேயே, அடக்கம் செய்வார்கள். முற்றத்துக்கு ஒரு பக்கம் துளசியோ செம்பருத்தியோ நிற்கும், மறுபக்கம் கல்லறை இருக்கும். பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். மழைவிட்டு வெயில் அடித்தால் நல்லமிளகைக் கொண்டுவந்து அதன்மேல் காயப்போடுவார்கள். கிறிஸ்மசுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது மிச்சச் சுண்ணாம்பு கல்லறைக்கும் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் கல்லறையைத்தான் பார்ப்பார்கள். அது இருந்தால் நிலம் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் என்று அர்த்தம்.

நிலம் இல்லாதவர்களுக்குச் சபையின் கல்லறைத் தோட்டம். அது சின்னது. வரிசைகள் எல்லாம் முடிந்தால் பழைய வரிசையையே மறுபடி வெட்டுவார்கள். அத்தானுடைய அப்பா ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டுக்காரர், குடியிருந்தது எஸ்டேட்டுக்குச் சொந்தமான லயத்து வரிசை வீட்டில். ஆகவே அத்தானுடைய அம்மா செத்தபோது சபையில்தான் வைத்தார்கள். அத்தான் இளவட்டமாக இருந்தபோது யாருக்கோ குழி வெட்ட ஆள் போதவில்லை என்று அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வெட்டிக்கொண்டே போனபோது மண்வெட்டியில் ஒரு நைலக்ஸ் சீலையின் கரை மாட்டியது. அது யார் சீலை என்று அவருக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லி அவர் வாயைத் திறக்கவில்லை. கிடைத்ததைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கிவிட்டு, அளவு சரியாக வெட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தார். கல்யாணமான புதிதில் அக்காவிடம் இதைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேசியதையெல்லாம் இதை வைத்துத்தான் நான் புரிந்துகொள்வேன்.

அத்தானும் பால்வெட்டுக்குத்தான் போனார். விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கத்தியும் வாளியுமாக மலையேறுவார். அவருக்கு ஸ்மைலின் என்று ஒரு மகள். அவளை அஞ்சுகிராமத்தில் கட்டிக் கொடுத்த பிறகு லயத்தில் அவரும் அக்காவும்தான். பிறகு ரப்பர் விலை விழுந்தது, எஸ்டேட்டை விற்றார்கள். மரங்களை முறித்து லாரியில் ஏற்றினார்கள். மண்ணள்ளும் இயந்திரங்கள் வந்து மலையைப் படிக்கட்டுபோல வெட்டின. படிக்குப் படி கல் நட்டு, நடுவே தார்ரோடு போட்டு, அடிவாரத்தில் வளைவு வைத்து, ‘பனித்துளி நகர்’ என்று எழுதினார்கள். அங்கே பனி விழுந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

லயத்தை இடித்ததும் அத்தானும் அக்காவும் என் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டுக்கு வாடகைக்கு வந்தார்கள். எஸ்டேட்காரர்கள் வேலையிலிருந்து பிரித்துவிட்டபோது கொடுத்த பணம் அத்தான் கையில் இருந்தது. அக்காவின் கழுத்திலும் கொஞ்சம் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பிரபின் வந்தான். எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிறவன். வாரநாட்களில் பனித்துளி நகருக்கு ஆள் பிடிக்கிற வேலை.

“மாமா, காலத்த எழும்பி ஜன்னலத் தொறந்தா மல. வேற என்ன வேணும் ஒங்களுக்கு?”

“மல எனக்குத் தெரியும் மக்கா. மண்ணு எப்படி?”

“நல்ல செம்மண்ணு.”

“ஆழம் உண்டா?”

“வாழ வச்சா கொல பூமியத் தொடும்.”

“வெள்ளம் கட்டுமா?” எங்கள் பக்கம் தண்ணீருக்கே வெள்ளம் என்பார்கள்.

“மலையில எங்க மாமா வெள்ளம் கட்டும்? எறங்கி ஓடிரும். ஒங்களுக்கு அந்தப் பயமே வேண்டாம்.”

அத்தான் திருப்தியாகத் தலையாட்டினார். பிரபின் வீட்டைப் பற்றிப் பேசினான், அத்தான் வேறொன்றைப் பற்றிக் கேட்டார். நான் அடுக்களை வாசலில் சாயா தட்டோடு நின்றேன். எனக்குப் புரிந்தது. ஆண்கள் பேசும்போது நான் இடையில் நுழைகிறவள் அல்ல.

மூன்று சென்ட் வாங்கினார்கள். கீழ்ப் படிக்கட்டில், ரோட்டோரம். உபதேசியார் வந்து ஜெபித்தார். அந்த மனையில் கட்டப்போகும் வீட்டுக்காக அவர் நீளமாக ஜெபிக்க, அக்கா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமென் சொன்னாள். அக்காவுக்கு இரண்டு அறையும், உள்ளேயே குழாய் வைத்த ஒரு அடுக்களையும் வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்து லயத்தில் குடித்தனம் செய்தவள். வீட்டுக்குள்ளே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதைப் பற்றி ஏதோ கல்யாணப் பேச்சுப் போலப் பேசுவாள்.

அடுத்த வாரமே அத்தான் தாணுலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். தாணுலிங்கம் கிணறு, கக்கூஸ் குழி, கல்லறைக் குழி எல்லாம் வெட்டுகிறவர். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார்.

“ஊரில எல்லாரும் மொதல்ல அடுப்புதான் வைப்பாவ. நீங்க குழி வெட்டுதிய,” என்றாள் அக்கா, அவர் புறப்படும்போது.

“வீட்ட பிள்ள கட்டுவா. குழிய ஆரு கட்டுவா?”

“எனக்கும் சேத்துத்தானா?”

“பின்ன? ரெண்டாளு கெடக்க மாதிரிதான் அளவு சொல்லியிருக்கேன்.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அவர்களுக்குக் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கு மயக்கியதும் தூக்குப் பாத்திரத்தில் கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். பங்குனி வெயில். மரம் இல்லாத மலை சட்டிபோல் காய்ந்தது. மேல் படிக்கட்டுகளில் ஆழ்துளை போடும் வண்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. வெள்ளைத் தூசிதான் பறந்து வந்தது. அது எத்தனையாவது துளை என்று ரோட்டு வேலைக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

குழி மார்பளவு போயிருக்கும். தாணுலிங்கம் குனிந்து மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தார்.

“ஓய் ரசலையா, கீழ நனையுதே.”

“பழைய ஈரமா இருக்கும்.”

“ஈரமில்ல ஓய். ஊறுது. நீரு இங்க படுத்தீருண்ணா மெதந்துல்லா வருவீரு.”

அத்தான் குழியில் இறங்கிப் பார்த்தார். காலைச் சுற்றித் தண்ணீர் மெதுவாக வந்து கூடியது. மறுநாள் காலையில் குழி இடுப்பளவு நிறைந்து, தெளிந்து, வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அக்கா ஒரு கை அள்ளிக் குடித்தாள். இனித்தது என்றாள். அத்தான் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மலை முழுக்க எங்குமே தண்ணீர் இல்லாததால், முன்பணம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்த நேரம் அது. செய்தி கேட்டுப் பிரபின் பைக்கில் பறந்து வந்தான்.

“மாமா, நீங்க ஆண்டவருக்க அனுக்கிரகம் பெத்த ஆளு. வீட்டுக்குக் கெணறு தோண்ட இந்த எடத்த எப்படிக் கண்டுபிடிச்சிய?”

“கெணறு தோண்டல்ல மக்கா. கல்லறைக்கு வெட்டுனது.”

பிரபின் சிரித்தான். அத்தான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “இத வெளிய ஆருட்டயும் சொல்லிராதீங்க மாமா,” என்றான்.

மூன்றாம் நாள் அவன் வேறொரு பேச்சோடு வந்தான். இந்த மூன்று சென்டையும் எல்லோருக்கும் பொதுக் கிணறாக விட்டுக்கொடுத்தால், உச்சிப் படிக்கட்டில் ஐந்து சென்ட் தருவார்களாம். பதிவுச் செலவும் அவர்களுடையது.

“அங்க வெள்ளம் ஊறுமா?” என்று கேட்டார் அத்தான்.

“ஒரு சொட்டு ஊறாது மாமா. அங்க ரெண்டு துளை போட்டுப் பாத்தாச்சி.”

“அப்ப செரி.”

பிரபின் போனதும் அக்கா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

“வெள்ளம் கெடக்க எடத்த எவனாவது குடுப்பானா? இது நம்ம கையில இருந்தா அவனுவ நம்ம வாசல்ல வந்து நிப்பானுவ.”

“நிண்ணு என்னத்துக்கு? நான் அதில கெடக்க முடியுமா?”

“உயிரோட கெடக்கலாமே.”

“ஏட்டி, உயிரோட எங்க வேணும்னாலும் கெடக்கலாம். இவ்வளவு காலமும் கெடந்தமே.”

“நீங்க கெடந்திய. நான் வெள்ளம் சொமந்தேன்.”

அத்தான் சண்டை போடத் தெரியாத மனிதர். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், கேட்கிறவர்கள் களைத்துப் போகும்வரை சும்மா இருப்பார். அக்கா களைத்துப் போனாள். இரண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை என்பதை, மறுநாள் கோழிக்குக் கொட்டிய சோற்றை வைத்து அறிந்தேன்.

அந்தக் குழியை அகலமாக்கி, உறை இறக்கி, கிணறாக்கினார்கள். பனித்துளி நகரில் இடங்கள் மறுபடி விற்கத் தொடங்கின. முதலில் வீடு கட்டியது ஜெபகுமாரி டீச்சர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வேறு சபை. பிறகு கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர், பிறகு ஒரு டாக்டர். வீட்டு முற்றங்களில் புல் பிடித்தது. யாருடைய முற்றத்திலும் கல்லறைக்கென்று இடம் ஒதுக்கியிருக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் சொந்த ஊரில் விளை இருந்தது, அதில் கல்லறையும் இருந்தது.

உச்சியில் அத்தானுடைய ஐந்து சென்ட்டிலிருந்து பார்த்தால், பழைய சமணர் குகை உள்ள சிதறால் மலை தெரியும். வானம் வெளுத்த நாளில் தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடல் ஒரு கோடாகத் தெரியும். தாணுலிங்கம் மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். முழங்காலளவு போவதற்குள் ணங் என்றது. நகர்ந்து போட்டார். அங்கேயும் ணங். நாலு மூலையும் பார்த்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் வைத்தார்.

“ஒரே பாறை ஓய். இதில ஆளு படுக்க முடியாது. கோழி வேணும்னா படுக்கும்.”

“ஒடைக்க முடியாதா?”

“வெடி வைக்கணும். கீழ இத்தன வீட்ட கட்டி வச்சிருக்கான், விடுவானா? பண்டு சிதறால்ல பாறையக் கொடஞ்சானுவல்லா, அது மாதிரி நீரு இருந்து கொடையும். பேரப்பிள்ள காலத்தில தீரும்.”

அத்தான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. உளியும் சுத்தியலும் வாங்கினார். கூலிக்கு வேறு தோட்டங்களில் பால்வெட்டிவிட்டு, சாப்பிட்டதும் மலையேறிப் போய்ப் பாறையைக் கொத்துவார். அந்தப் பக்கம் விளையாடும் பிள்ளைகள் கேட்டால் “அஸ்திவாரம்” என்பார். அந்த மழைக்காலம் முழுக்கக் கொத்தியதில் ஒரு தொட்டிலளவு பள்ளம் ஆனது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். அதைச் சிரட்டையால் கோரிவிட்டு மறுபடி கொத்துவார். இருமல் அப்போதுதான் தொடங்கியது. பாறைத் தூசி என்றார்கள். ரப்பர் ஆசிட் வாடை என்றார்கள். அக்கா ஆடாதோடை இலையை அவித்துக் கொடுத்தாள்.

கடைசியில் தாணுலிங்கமே ஒரு வழி சொன்னார். குழி வேண்டாம், பாறைக்கு மேலேயே கருங்கல் வைத்துக் கட்டி, சிமெண்ட் பூசி, பெட்டிபோல ஆக்கிவிடலாம். அப்படியும் நம் பக்கம் உண்டு. அத்தான் கல் இறக்கினார். இரண்டு வரி கட்டியதும் ஜெபகுமாரி டீச்சர் மேலே ஏறி வந்தார். அன்று அக்காவும் நானும் கல் சுமந்துகொண்டிருந்தோம். டீச்சர் மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்தார். அக்கா குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

“ரசலையன், நான் சண்டைக்கு வரல்ல. இது என்ன கட்டுறீங்கண்ணு எனக்குத் தெரியும். அந்தக் கெணத்த நீங்க எதுக்கு வெட்டினீங்கண்ணும் தெரியும். அதப் பத்தி ஒண்ணும் இல்ல. அதுக்குள்ள ஆரையும் வைக்கல்லியே.”

“ஆமா டீச்சர்.”

“ஆனா இது மேடு. கெணறு பள்ளம். இங்க வைக்கிறது ஒக்க மழையில அங்கதான் எறங்கும். நாங்க அதத்தான் குடிக்கிறோம். டாக்டர் பஞ்சாயத்தில எழுதிக் குடுக்கணும்ணு நிக்கிறார். நான்தான் நேருல போய்ப் பேசுறேன்னு வந்தேன்.”

“சிமெண்ட் பூசி அடச்சிருவேன் டீச்சர். ஒண்ணும் எறங்காது.”

“சிமெண்ட் கீறாதா?”

அத்தான் கீழே பார்த்தார். கிணற்றைச் சுற்றி வெள்ளைச் சுவர் கட்டியிருந்தார்கள். ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“அந்த எடம் எனக்குள்ளதா இருந்துது,” என்றார்.

“தெரியும். அதுக்கு நாங்க ஒங்களுக்கு நன்றி உள்ளவங்க,” என்றார் டீச்சர். அவர் சும்மா சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் எங்களால் கோபப்படவும் முடியவில்லை.

டீச்சர் இறங்கிப் போனதும் அத்தான் கரண்டியைக் கழுவினார். கலந்து வைத்த சிமெண்டை வீணாக்க வேண்டாம் என்று, வண்டி ஏறும் வழியில் பெயர்ந்திருந்த ஓர் இடத்தில் கொண்டுபோய்ப் பூசினார். அக்கா அவரருகே போய் நின்றாள்.

“பாறைதானே, வீட்டுக்கு அஸ்திவாரமே வேண்டாம். ரெண்டு முறி கட்டுவோம். இஞ்ச இருந்து பாத்தா கடலு தெரியுது.”

“கட்டலாம்,” என்றார் அத்தான். அவர் கட்டமாட்டார் என்பது அக்காவுக்கும் எனக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் மலைக்குப் போகவில்லை. உளி துருப்பிடித்துக் கோழிக்கூட்டின் மேல் கிடந்தது. கூலிக்கு வெட்டப் போகிற தோட்டமும் ஒவ்வொன்றாகக் குறைந்தது. மாலையானால் வாசலில் உட்கார்ந்து இருமுவார். பிரபின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கண்ணில் படாமல் பக்கவாசல் வழியாகச் சபைக்குள் நுழைவான்.

அடுத்த ஐப்பசியில், விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், ஆஸ்பத்திரியில் வைத்து அத்தான் போய்விட்டார். ஸ்மைலின் அஞ்சுகிராமத்திலிருந்து வந்து இறங்கி, அழுது முடித்து, “அம்மா, அப்பாவ எங்க வைக்கிறது?” என்று கேட்டாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். மலையைச் சொல்வாள் என்று நான் நினைத்தேன். சொன்னால் தூக்கிக்கொண்டு போகச் சபை இளைஞர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். தாணுலிங்கமும் கடப்பாரையோடு வந்து ஓரமாக நின்றார். அன்று அவர் கேலி எதுவும் சொல்லவில்லை.

“ஆருக்க வாயிலயும் விழாண்டாம். சபையில வையுங்க,” என்றாள் அக்கா.

அத்தான் கடைசியாகப் பேசிய நாட்களில் ஒருமுறையாவது அவரே இதைச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. வேறெங்கே வைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எங்களுக்கும் இல்லை.

பனித்துளி நகரிலிருந்து மூன்று கார்கள் வந்தன. பெரிய மலர்வளையம் வைத்தார்கள். கப்பல்காரர், “எங்களுக்குத் தண்ணி தந்த மனுஷன்,” என்று உபதேசியாரிடம் சொல்ல, உபதேசியார் அதைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. அக்கா குடைக்குக் கீழே நின்று, குழியின் அடியில் தேங்கிய மழைத்தண்ணீரை ஒரு பையன் வாளியால் கோருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்தபின் டீச்சர் வீடு தேடி வந்தார். மலையில் வீடுகள் கூடிவிட்டன, கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிப் பெரிய தொட்டி வைத்தால் எல்லா வீட்டுக்கும் தானாக இறங்கும் என்றார். உச்சியில் இருப்பது அக்காவின் இடம்.

“ஒரு மூலை போதும் சத்தியபாய். மிச்சத்தில நீங்க வீடு கட்டலாம். ஒங்களுக்கும் குழாய் கனெக்ஷன் இலவசமாத் தந்திருவோம்.”

“அடியில பாறை உண்டே. எப்படித் தூணு எறக்குவிய?”

“அதுக்கெல்லாம் இப்ப மெஷின் இருக்கு. வெடி வேண்டாம். ஒரு நாள்ல கொடஞ்சிரும்.”

அக்கா கோழிக்கூட்டின் மேல் கிடந்த உளியைப் பார்த்தாள்.

“ஒரு நாள்லயா,” என்றாள்.

டீச்சருக்கு அப்போதுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. சாயா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அக்கா அவரைத் தேற்றுகிறவள்போல, “எடுத்துக்கிடுங்க டீச்சர். எந்த மூலை வேணும்னாலும். நான் அங்க வீடு வைக்கப் போறதில்ல,” என்றாள். டீச்சர் போன பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனாள். அன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் முறை.

சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவரவர் போகும் வரிசைப்படிதான் இடம். கணவன் பக்கத்தில் மனைவி என்று பிடித்து வைக்க முடியாது. அத்தானுக்கு அடுத்ததாக ஒரு லாரி டிரைவரை வைத்தார்கள். அவருக்கடுத்து, அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைத்த ஒரு பெண். அந்த வரிசையில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதிலிருந்து ஒரு பழக்கம் அக்காவுக்கு வந்தது. சபையில் சாவு மணி அடித்தால், செத்தது ஆர், என்ன சுகக்கேடு என்றெல்லாம் கேட்கமாட்டாள்.

“அவங்களுக்குச் சொந்த எடம் உண்டுமா?” என்றுதான் கேட்பாள்.

உண்டு என்றால் தன் வேலையைப் பார்ப்பாள். இல்லை என்றால் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

போன பங்குனியில் அத்தானுடைய வரிசை முடிந்துவிட்டது. அடுத்த வரிசையை மறுபக்கத்து மதிலோரம் தொடங்கியிருக்கிறார்கள். ஆராதனை முடிந்து அக்கா அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் வெளிவாசலில் அவளுடைய பைபிளையும் குடையையும் வைத்துக்கொண்டு நின்றேன். அவளாகவே சொன்னாள்.

“பலாமரத்துக்குக் கீழ. வேரு நெறைய இருக்கும். வெட்டுறவனுக்குக் கஷ்டம்தான்.”